கயிறு பிடிக்கிறவன்தான் ஊர் சொல்ல வேண்டும்

“...கீழக்கரையோ கோவளமோ, எந்த ஊருக்கு வேணாப் போய்ட்டு வாங்கடா, நான் குறுக்க நிக்கல. ஆனா கயித்த நீதான் பிடிக்கணும். படகுக்காரன் பிடிப்பான், கயித்துக்கடை பாய் வீட்டு ஆளு பிடிப்பான்னு கதை விடாத,” என்று அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

வில்லாபுரத்தில் அவள் வீட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் நான் ஓர் ஊரின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். எழுமலைக்காரர். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார்க் குழாயின் வாய் அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சரிசெய்வது சின்ன வயதிலிருந்தே அவர் வேலை. பிறகு நாலு வருஷம் தூத்துக்குடியில் துறைமுக வேலை பார்த்தார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க அங்கேதான் பழகினார். ஊருக்குத் திரும்பி மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை போட்டபோது, பழைய சிலிண்டர் இரண்டு, முகத்துக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு ரப்பர்த் துடுப்பு எல்லாம் கூடவே வந்தன.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் மூன்று நாள் கடையை அடைத்துவிட்டுக் கடலுக்குப் போவார். “எல்லாரும் கொடைக்கானலுக்கு மேல போறான், நான் கீழ போறேன். செலவு ஒண்ணுதான்,” என்பார்.

தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களிடம் அவர் கற்றுக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. இறங்குபவன் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். மறுமுனையை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். “அடுத்தவன் பிடிச்சா அவனுக்குக் கை வலி மட்டுந்தான் தெரியும். மச்சினன் பிடிச்சா அக்கா மூஞ்சி தெரியும்,” என்று விளக்கம் சொல்வார். இடம் எதுவென்று முடிவுசெய்வதும் கயிறு பிடிப்பவன்தான். அவன் வேண்டாம் என்றால் படகு கிளம்பாது. சிலிண்டர் வந்த பிறகு கயிறு எதற்கு என்று நான் கேட்டதற்கு, “சிலிண்டருக்கு அக்கா இருக்கா?” என்று திருப்பிக் கேட்டார்.

அக்காவுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. கடலை அவள் பார்த்ததே இல்லை. சோழவந்தானில் வைகையில் இடுப்பளவுத் தண்ணீரில் குளித்ததோடு சரி. தம்பி பிடித்திருக்கிறான் என்ற ஒரு வார்த்தையில் அந்த மூன்று நாளும் தூங்கினாள்.

மூன்று வருஷம் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரே குப்பத்துக்குப் போனோம். இந்த வருஷம் மச்சானுக்கு அது சலித்துவிட்டது. “அதே பாறை, அதே மீனு. நீ போன வருசம் வந்தவன்தானன்னு மீனே கேக்குது மாப்ள. புது இடம் சொல்லு.”

அன்றைக்குப் பிடித்த பயம். ஆறு வாரமாக டவுனுக்குள் பாய் கடையில் கூடினோம். பாய் கயிறும் இரும்புச் சாமானும் விற்பவர், மச்சானுக்குப் பழக்கம். அவர் சொன்னது கீழக்கரை. “எங்க ராத்தாவ அங்கதான் கட்டிக் குடுத்துருக்கு, அவ வீடு இருக்கு. தங்கல், சாப்பாடு நம்ம பொறுப்பு. படகுக்கு மட்டும் குடுங்க. பக்கத்துத் தீவுக்கிட்ட போனா அஞ்சு ஆள் ஆழம், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்ணே.”

கிணற்றுக்காரர்களான எங்களுக்கு ஆழம் என்றால் ஆள் உயரக் கணக்குதான். அஞ்சு ஆள் என்றதும் உடனே கோவளம் என்றேன். அழகான ஊர் என்று அடித்துப் பேசினேன். உண்மையில் அங்கே ரயிலும் லாட்ஜும் சேர்ந்து எங்களுக்குக் கட்டாது. போக முடியாத ஊர் என்பதால்தான் அதைச் சொன்னேன். மச்சான் ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “அம்புட்டுக் காசுக்கு மீன வீட்டுக்கே வரச் சொல்லலாம்.” பிறகு லட்சத்தீவு என்றேன். கொச்சியில் கப்பல் ஏற வேண்டும், அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பாய் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “தம்பி ஊரு தேடல. போகாம இருக்க வழி தேடுது,” என்றார். மச்சான் அதைக் காதில் வாங்காதவர்போல் ஒரு கயிற்றுச் சுருளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லா ஊரும் கழிந்து கீழக்கரை மட்டும் நின்றது. மறுநாள் காலையில் பாய் அங்கே போகிறார். படகு பேசிவிட்டு வருவார். நான் சரி என்று சொன்னால் போதும்.

போன வருஷம் நடந்ததை எழுதினால்தான் என் பயம் புரியும்.

மண்டபம் பஸ்ஸில் சிலிண்டரை ஏற்றும்போதே கண்டக்டர், “வெடிச்சா எனக்கும் சேத்து டிக்கெட் எடுப்பீங்களாண்ணே?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காலை படகில் இருந்து மச்சான் இறங்கினார். உள்ளேயிருந்து கயிற்றை ஒரு தடவை சுண்டினால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டு சுண்டினால் இன்னும் கொஞ்சம் தளர்த்தி விடு. மூன்று என்றால் தூக்கு. ஒரு சுண்டல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் கயிறு படகுக்கு அடியில் கோணலாக ஓடியது. சுண்டலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஒரே இழுப்பு. கிணற்றில் கயிறு நேராகத்தான் தொங்கும். இப்படிப் பக்கவாட்டில் இழுக்கும் ஒன்றை நான் பார்த்ததில்லை. உள்ளே ஏதோ அவரைப் பிடித்துக்கொண்டு போகிறது, என்னையும் சேர்த்துக் கொண்டுபோகப் போகிறது என்று தோன்றியது.

கையைத் திறந்துவிட்டேன்.

வழுக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நானாகத்தான் திறந்தேன். கயிறு முழுவதும் சரசரவென்று ஓடி, கடைசி முடிச்சு படகின் விளிம்பில் தட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போனது. படகுக்காரர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. அக்காவிடம் போய் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த வார்த்தைகள் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, எழுத மாட்டேன்.

மச்சான் வெகு தூரத்தில் எழும்பினார். நீரோட்டம் இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். கயிற்றைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு நீந்தி வந்து, அதை என் மடியில் வைத்தார். “வீட்ல சொல்லிக்கிற வேணாம் மாப்ள,” என்றார். இந்த வருஷமும் என்னையே கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்கா வெங்காயத்தோலை முறத்தில் ஒதுக்கினாள். “என்னடா பேச்சக் காணோம். கீழக்கரைன்னு சொல்லி விட்டுர்றதுதான?”

“மண்டபத்துக்கே போவோம்க்கா. அங்க ரெண்டு ஆள் ஆழந்தான்.”

“ஒங்க மச்சானுக்கு அது சலிச்சுப்போச்சே.”

“கீழக்கரைல அஞ்சு ஆளு.”

“அவுக அஞ்சு ஆள் என்ன, பத்து ஆள் கெணத்துக்குள்ள போனவுக. ஒனக்கு என்ன வந்துச்சு? மேல உக்காந்துருக்கவனுக்கு ரெண்டு ஆளு என்ன, அஞ்சு ஆளு என்ன?”

அதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“போன வருசம் கயித்த விட்டுட்டேன்க்கா.”

“விட்டுட்டேன்னா?”

“கைய எடுத்துட்டேன். பயந்துட்டேன்.”

அவள் அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள். வெங்காயக் கண்ணீர் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்ததால் அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“எம்புட்டு நேரம்?”

“தெரியலக்கா. படகுக்காரர் ஒரு பீடி குடிச்சு முடிக்கிற நேரம்.”

“அவுகளுக்குத் தெரியுமா?”

“தெரியும். ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னாக.”

“ரெண்டு ஆள் ஆழத்துலதான விட்ட?”

“ஆமா.”

“அப்பறம் எதுக்குடா ஆறு வாரமா ஆழத்த எண்ணிக்கிட்டுருந்த? கயித்த ஊரா விட்டுச்சு?”

பக்கத்து வீட்டு ரேடியோவில் விவசாயிகளுக்கு உரம் பற்றி யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொல்லிவிட மாட்டாளா என்று அந்த ரேடியோவைக் கேட்டபடி காத்திருந்தேன். அவளுக்குக் கூடப்பிறந்தவன் வேறு யாரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அக்கா எழுந்தாள். உள் அறையில் ஆணியில் மாட்டியிருந்த மச்சானின் கயிற்றுச் சுருளை எடுத்து வந்து, ஒரு முனையை என் முன்னால் போட்டாள். நான் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து அதைப் பிடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் இறங்கிப் போய், மறுமுனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, துவைக்கிற கல்லில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, உடம்பின் கனம் மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தாள்.