அது ஒயில் இல்லை

பேய், ஆவி எண்டு ஆரும் கதைக்க வெளிக்கிட்டா நான் முதல் கேக்கிறது, நீ உன்ர கண்ணால கண்டனியோ எண்டுதான். ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம், அவையின்ர மாமியின்ர மச்சாள் கண்டிருப்பா. நான் ஜெர்மனியில கன வருசம் கராஜில வேலை செய்துபோட்டு லண்டனுக்கு வந்து, வெம்ப்ளிப் பக்கம் சொந்தமாக் கராஜ் போட்டவன். எஞ்சினில ஒரு சத்தம் கேட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் பிடிபடாட்டி எனக்குத் தொழில் காணாது எண்டு அர்த்தம், அவ்வளவுதான். ஆர்ச்வே முருகனிட்டப் போவன், கும்பிடுவன், வந்திடுவன். இப்ப சொல்லப்போறதை நீங்கள் நம்பத் தேவையில்லை, உங்கட இடத்தில நான் இருந்தா நம்பியிருக்கவும் மாட்டன்.

என்ர அக்கா கிங்ஸ்பரியில இருக்கிறா. அவவுக்கு ஒரே பெடியன், சுதன், எனக்கு மருமகன். கார் எண்டா அவனுக்கு விசர். ரெண்டாயிரத்து மூண்டு, நாலாம் ஆண்டு மட்டில எங்கட பெடியள் எல்லாம் சின்ன ஜப்பான் காரை வாங்கி, எஞ்சினைப் பிரிச்சு, டர்போ பூட்டி, றோட்டை அதிர வைச்சுக்கொண்டு திரிஞ்ச காலம். அவன்ர காருக்கு டர்போ பூட்டினது நானும் அவனும்தான், ஞாயிற்றுக்கிழமையளில அக்கா கட்டித்தந்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு. என்ர வாழ்க்கையில நான் சந்தோசமா வேலை செய்த எஞ்சின் அது ஒண்டுதான்.

பேந்து அவன் ஒரு பிள்ளையை விரும்பினான். தமிழ்ப் பிள்ளைதான், லூயிஷாமில இருந்து, அங்கத்தைச் சிவன் கோயிலில தேவாரம் பாடுற பிள்ளை. அத்தான், அக்காவின்ர மனுசன், ஊருக்குப் போன் அடிச்சு விசாரிச்சார். விசாரிச்சுப்போட்டு, "எங்கட ஆக்கள் இல்லை" எண்டார். காணி போச்சு, வீடு போச்சு, எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்த மனுசன், சாதியை மட்டும் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேத்திருக்கிறார் பாருங்கோ. பெடியன் அவளைத்தான் கட்டினான். அண்டைக்கு அத்தான் வாசலில நிண்டு, "காருக்குக் காசு குடுத்தது நான், கார்த் திறப்பை வைச்சிட்டுப் போ" எண்டு சொல்லிப்போட்டு, உள்ளுக்க போய்த் தலையில தண்ணி வாத்தவர். பிள்ளையைத் தலைமுழுகியாச்சு எண்டு வாயால சொல்லுற ஆக்களை நீங்கள் கண்டிருப்பியள். உண்மையா முழுகிப்போட்டு ஈரத்தலையோட வந்து நிண்ட மனுசனை நான் அண்டைக்குத்தான் கண்டன். சுதன் அதோட எங்கள் எல்லாரையும் விட்டிட்டான், போன் நம்பரையும் மாத்திப்போட்டான். அவனில நான் பிழை சொல்லமாட்டன்.

கார் வீட்டுக்கு முன்னால அப்பிடியே நிண்டுது. இடைக்கிடை நான் போய் ஸ்டார்ட் பண்ணி விடுவன், ஒரு சொட்டு ஒழுகினதில்லை. ரெண்டு மூண்டு வருசம் போய், ஒரு மாரியில அத்தான் திடீரெண்டு போன் எடுத்தார். "உந்தக் காரை விக்கப்போறன், வாற சனிக்கிழமை ஆள் பாக்க வருகுது, கீழ ஒயில் ஒழுகுது, வந்து பார்."

போய்ப் பாத்தன். காருக்குக் கீழ ஒரு சின்னக் குளம். டர்போ பூட்டின எஞ்சின் எண்டா முதல் சந்தேகம் டர்போவில இருந்து ஒயில் திரும்பி வாற குழாயிலதான், அதைக் கழட்டிப் புதுக் கேஸ்கெட் போட்டு, ஒயிலையும் புதுசா மாத்தி விட்டன். அடுத்த நாளும் ஒழுகுது எண்டார். மேல்மூடியைக் கழட்டினன், அடித்தட்டைக் கழட்டினன், எல்லாம் புதுசு போட்டன். ஒழுகுது. எஞ்சினைக் கழுவித் துடைச்சுப் பவுடர் அடிச்சன், ஒழுகினா வெள்ளையில கறுப்பாக் கோடு விழும். பவுடர் அடிச்ச மாதிரியே கிடக்கு, கீழ விரிச்சு வைச்ச காட்போட் மட்டை நனைஞ்சு கிடக்கு. ஒயிலுக்குள்ள விடுற ஒரு சாயம் இருக்கு, நீல லைட் அடிச்சா ஒழுகிற இடம் பச்சையா மினுங்கும், அதையும் விட்டன். எஞ்சினுக்கு உள்ளுக்க இருக்கிறது மினுங்குது, மட்டையில கிடக்கிறது மினுங்கேல்லை. நம்பினா நம்புங்கோ, ஒயில் அளவு பாக்கிற கம்பியை இழுத்து இழுத்துப் பாத்தன், மட்டம் ஒரு நூல் குறையேல்லை. ஒரு கிழமையா ஒழுகுது, ஒண்டும் குறையேல்லை. எனக்கு வந்த கோவத்துக்கு ஸ்பானரைத் தூக்கி எறிஞ்சன்.

அத்தான் முழு நேரமும் பக்கத்தில நிண்டவர். "டர்போ பூட்டினது நீதானே, உன்ர வேலைதான் ஒழுகுது" எண்டு சொல்லிச் சொல்லி, நான் கீழ படுத்தா எனக்கு டோர்ச்சும் பிடிச்சவர். இந்த டோர்ச்சை நீங்கள் மறக்காதேங்கோ, என்னால மறக்க ஏலாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தா. மட்டையைப் பாத்தா, குனிஞ்சு விரலால தொட்டா, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா.

"தம்பி, இது ஒயில் இல்லையடா. எண்ணெய்."

"எண்ணெய்தான் அக்கா, எஞ்சின் எண்ணெய்."

"விசரா, நல்லெண்ணெயடா. அரப்பும் சேந்து மணக்குது. செத்தவீட்டு மணம்."

எங்கட செத்தவீடுகளில பிரேதத்தை முழுக வாக்க முதல் சொந்தக்காரர் ஒவ்வொருத்தரா வந்து தலையில எண்ணெயும் அரப்பும் வைப்பினம், உங்களுக்குத் தெரியும்தானே. பெற்றோலும் கிறீசும் ஏறின என்ர மூக்குக்கு அது பிடிபடேல்லை. அக்கா சொன்னாப்பிறகு மணந்தன். அதேதான்.

"ஆர் செத்தது?" எண்டு அக்கா என்னை ஏசுற மாதிரிக் கேட்டா. நான் சிரிச்சன். அத்தான் சிரிக்கேல்லை. டோர்ச்சைக் கையில பிடிச்சபடி வாசல் படியில இருந்திட்டார்.

"சுதன்" எண்டார். அவர் அந்தப் பேரைச் சொல்லி வருசக்கணக்கு. "போன கிழமை. நித்திரையில போயிட்டானாம். அந்தப் பெட்டை போன் அடிச்சு, செத்தவீட்டு நாளையும் சொன்னவள், நான் வைச்சிட்டன்."

அக்கா கத்தவும் இல்லை, அழவும் இல்லை, "எப்ப எடுக்கினம்?" எண்டு மட்டும் கேட்டா. நாளைக்கு எண்டார். அதாலதான் சனிக்கிழமை ஆள் வருகுது எண்டிருக்கிறார், வீட்டில ஒரு அலுவல் இருக்கட்டும் எண்டு. பெத்த பிள்ளை பிரேத அறையில கிடக்க, அதை மனசுக்குள்ள பூட்டி வைச்சுக்கொண்டு, அவன் ஆசையாச் செய்த காருக்குக் கீழ கிடந்த எனக்கு இந்த மனுசன் டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. அண்டைக்கு நான் அவரில கை வைக்காமல் வந்தது அக்காவின்ர முகத்துக்காகத்தான்.

"வாங்கோ அத்தான், வந்து எண்ணெய் வையுங்கோ" எண்டு அடுத்த நாள் காலமையும் கேட்டன். "அவனுக்கு நான் முழுகியாச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் முழுகிறேல்லை" எண்டார்.

நானும் அக்காவும் லூயிஷாமுக்குப் போனம். குருக்கள், "தேப்பன் வரேல்லையோ?" எண்டு கேட்டார். அக்கா எண்ணெய் வைச்சா. அந்தப் பிள்ளை அக்காவைக் கட்டிப்பிடிச்சு, "மாமி, நான் மாமாவுக்குச் சொன்னனான், நான் சொன்னனான்" எண்டு அழுதது. அதுக்கு மேல அதைப் பற்றி என்னால கதைக்க ஏலாது.

திரும்பி வந்து பாத்தா மட்டை காய்ஞ்சு கிடக்கு. பேந்து அந்தக் கார் ஒழுகவே இல்லை. அத்தான் அதை வித்தார், வாங்கினவன் ஒரு குறையும் சொல்லி வரேல்லை.

இதோட முடிஞ்சிருந்தா அக்காதான் துக்கத்தில ஏதோ ஊத்தினவ எண்டு நீங்கள் சொல்லுவியள், நானும் ஓம் எண்டு விட்டிருப்பன், அவவுக்கு விசயமே தெரியாதெண்டாலும். ஆனா அத்தான்ர தலகணி நனையத் தொடங்கிச்சுது. மனுசனுக்குத் தலையில ஒரு மயிர் இல்லை, எண்ணெய் தொட்டு எத்தினையோ வருசம். காலமை எழும்பினா உறை முழுக்க எண்ணெய். டொக்டர் தோல் வருத்தம் எண்டு ஷாம்பு எழுதிக் குடுத்தார். அக்கா அவரோட கதைக்கிறதை அண்டைக்கே விட்டிட்டா. உறையைத் தோய்ச்சுப் புதுசு போட்டுவிடுவா, வாய் திறக்கமாட்டா. இண்டைக்கும் அப்பிடித்தான்.

போன மாதம் அங்க போயிருந்தன். அத்தான் என்னை அறைக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கதிரையில இருந்து தலையைக் குனிஞ்சார்.

"நீ ஒருக்காப் பாரடா, எங்கயிருந்து வருகுதெண்டு."

என்ன செய்யிறது, பழகின கை, டிஷ்யூவால வடிவாத் துடைச்சு, லைட்டுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தன். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு புண் இல்லை, காய்ஞ்ச தோல். டிஷ்யூவை எறிஞ்சுபோட்டுத் திரும்பிப் பாத்தன். உச்சியில, ஆரோ கையால வைச்சுவிட்ட மாதிரி, மெல்ல ஊறி நெத்திப்பக்கம் இறங்கிச்சுது.

அவரில எனக்கு இருக்கிற கோவம் இண்டைக்கும் போகேல்லை, போகவும் மாட்டுது. அவர் தலையை நிமித்தாமல், "அரப்பு மணக்குதோ?" எண்டு கேட்டார். சின்னப்பிள்ளை கேக்கிற மாதிரிக் கேட்டார். இல்லை அத்தான் எண்டு பொய் சொல்லிப்போட்டு வெளியில வந்திட்டன்.