கோட்டைச் சுவரில் ஒரு சுண்ணாம்புப் பட்டை

எனக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வீட்டில் காலண்டர் கோணலாகத் தொங்கினால்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். அந்தப் புத்தியால் ஒருநாள் நான் செத்துப் பிழைத்தேன்.

அக்காவுக்குப் பிரசவம் ஆண்டிமடத்தில், எங்கள் வீட்டில். குழந்தைக்கு ஐந்தாம் மாதம், நல்ல ஐப்பசியில், அவளையும் குழந்தையையும் புகுந்த வீட்டில் கொண்டுவிடப் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கூடப் போனது நான் மட்டும்தான். அந்த வீடு பெரம்பலூருக்கு வடக்கே ஒரு பழைய கோட்டைக்குள் இருக்கிறது. பக்கத்தில் இல்லை, மதிலுக்கு உள்ளேயே. வாசலைத் தாண்டினால் தெரு, குழாயடி, மளிகைக்கடை, ஆட்டுக்கொட்டகை எல்லாம் உண்டு. கடைசி வரிசை வீடுகளுக்கு மட்டும் தனியாகப் பின்சுவர் கிடையாது, மதிலையே சுவராக்கிக்கொண்டு கட்டியிருந்தார்கள். அக்காவின் வீடு அந்த வரிசையில்தான்.

உள்ளே நுழையும்போதே மதிலை விட்டுத் தள்ளித் தள்ளி நடந்தேன். ஒவ்வொரு கல்லும் எங்கள் வீட்டு பீரோ அளவு. அண்ணாந்து பார்த்தால் எல்லாம் என்னை நோக்கிச் சாய்கிற மாதிரியே இருந்தது.

"இத்தன நூறு வருசம் நின்னது, நீ வந்திருக்கன்னு விழப்போவுதாக்கும்" என்று அக்கா சிரித்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, கரும்பு லாரியோடு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போயிருந்தார். அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், சமையலில் இருந்தார். நான் உள்ளறையைப் பெருக்கினேன். தூளி கட்டும் இடத்துக்கு நேர் பின்னால், மதிலின் இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த இடுக்கின் குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்கு யாரோ சுண்ணாம்பைப் பூசி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டை நடுவில் வெடித்து அசிங்கமாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்தார் குழந்தையைப் பார்க்க வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். மூலையில் ஒரு டப்பாவில் குழைத்த சுண்ணாம்பு இருந்தது. விரலால் அள்ளி, வெடிப்பு தெரியாமல் பூசி மெழுகினேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஓடு பிய்ந்துவிடுவது போன்ற மழை. கரண்ட் போனது. அத்தை செல்போன் வெளிச்சத்தில் அந்த இடுக்கைப் பார்த்துவிட்டு, "பட்டை முழுசா இருக்கு. புள்ளைய உள்ளயே போடு" என்றார். அக்கா குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டினாள்.

"என்ன பட்டைங்க அத்தை?" என்று கேட்டேன்.

"இந்த வரிசைல எல்லா வூட்லயும் பூசியிருப்போம், பாப்பா. மழைல செவுரு நவுந்தா பட்டை வெடிச்சிரும். வெடிச்சிருந்தா உள்ள படுக்க மாட்டோம், எதுத்த வூட்டுக்குப் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே டீயை நீட்டினார்.

தம்ளரை வாங்கிக்கொண்டேன். வெடித்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய வெடிப்பாக இருக்கலாம், காய்ந்து வெடித்ததாகவும் இருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் என்ன நினைப்பார்கள்? வந்த முதல் நாளே பெண் வீட்டார் கைவைத்துக் கெடுத்தார்கள் என்று காலத்துக்கும் அக்கா பேச்சு வாங்குவாளே? தூளி ஆடிக்கொண்டிருந்தது. நான் டீயை ஆற்றி, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அப்போது கல்லிடுக்கிலிருந்து ஒரு பிடி மண் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"அத்தை, அது வெடிச்சுதான் இருந்துச்சு. நான்தான் மேல பூசிட்டேன்" என்று கத்தினேன்.

அத்தை தூளியிலிருந்து குழந்தையை வாரித் தன் முந்தானைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். எதிர்வீட்டில் ஈரத்தோடு நின்றபோது திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"தெரியாம செஞ்ச. தெரிஞ்சதும் சொல்லிட்ட. அழுவாத" என்றார் அத்தை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, ஒடனே சொன்னடி" என்றாள். நான் தலையாட்டினேன்.

சுவர் விழவில்லை. மறுநாள் மாமா ஆள் வைத்து இடுக்கில் கலவை அடைத்தார், அத்தை புதுப் பட்டை பூசினார். என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு தம்ளர் டீ குடிக்கிற நேரம், அக்காவின் பிள்ளை அந்தக் கல்லுக்குக் கீழே தூங்கியதும், நான் திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்ததும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்றும் மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் அக்காவுக்கு போன் போட்டு, "புள்ள எங்க படுத்திருக்கு?" என்று கேட்பேன். சித்திக்கு எவ்வளவு பாசம் பாருங்க என்று அவள் மாமாவிடம் சொல்வது என் காதில் விழும்.