யாரும் இல்லாத வீடுகள்

‘உங்கள் பெண் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?’ என்று ஊரார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறீர்களா? அம்மை குத்த வருகிறவரைக்கூட அதைவிட அன்பாக வரவேற்பார்கள். அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் கல்வி ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய் அதைக் கேட்பதுதான் என் வேலை. ஐந்தாவதோடு பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்வித்தாளோடு தெருத் தெருவாக அலைந்தவர்களுக்கு என் கால்வலி புரியும்.

இடுப்பில் ஒரு சிபாரிசு

முதலில் யாரும் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் மாமியார் பெண்ணாடம் போய்விட, என் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே கிளம்பினேன். அன்றைக்கு வீட்டுக்கு வீடு பாய் விரித்தார்கள். கேள்வியை மட்டும் என்னைக் கேட்க விடவில்லை. ஒரு அம்மாள் என் பையன் கையில் பொரியைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்: “இம்மாம் வெயில்ல புள்ளையோட அலையறியே, உன் வூட்டுக்காரரு ஒண்ணும் கேக்க மாட்டாரா?”

பூட்டாத வாசல்

பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைக்குப் பின்தெரு. பகல் பதினோரு மணி. கஸ்தூரி என்ற சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வூட்ல யாரும் இல்லீங்க.”

பெரியவர்கள் இல்லாவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று குறித்துவிட்டு நகர வேண்டும். நகர்ந்தேன். அடுத்த வீட்டிலும் ஒரு சிறுமி, ஒரு குழந்தை, அதே பதில். தெருக்கோடியில் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் யாரைத் தேடி வந்தோமோ அவளே நின்று யாரும் இல்லை என்கிறாள். நாங்களும் அதை எழுதிக்கொண்டு போகிறோம்!

சாயங்காலம், மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி அதிகாரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்: “பெரியவங்களைத்தாம்மா கேக்கணும், அதுதான் முறை.”

‘அப்படியானால் பெரியவர்கள் இருக்கும் இடத்துக்கு வாருங்கள் சார்’ என்று மறுநாள், அந்தத் தெரு அம்மாக்கள் வேலை செய்யும் பட்டறைக்கே கூட்டிப் போனேன்.

பொம்மை காயும் கொட்டகை

கஸ்தூரியின் அம்மா அஞ்சலை அச்சிலிருந்து பொம்மை எடுத்துக்கொண்டிருந்தாள். “படிக்க வேணாம்னு நானா சொன்னேன்? புள்ளைய யாரு பாக்கறது?” என்று சண்டைக்கே வந்தாள்.

ஈரப் பொம்மையில் வெயிலும் அனல்காற்றும் பட்டால் வெடித்துவிடும். அதற்காகவே பக்கத்தில் நிழல் கொட்டகை இருந்தது. அதில் ஒரு தூளி கட்ட இடம் கேட்டேன். மேஸ்திரி முடியாது என்றார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில், “ஒருநாள் கட்டித்தான் பாரேன்” என்றார். என் பையனை, கூட வந்திருந்த அதிகாரி கையில் திணித்துவிட்டு, என் பழைய சேலையை விட்டத்தில் கட்டினேன். அஞ்சலையின் பிள்ளை போட்டதும் தூங்கியது. அதிகாரி கையிலிருந்த என் பிள்ளைதான் கத்தியது.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “பொம்மை வெடிக்காத எடத்துல புள்ள தூங்காதா என்ன? இருக்கட்டும்.”

கஸ்தூரி ஆறாவதில் சேர்ந்தாள். அதிகாரி தன் அறிக்கையில் அரைப் பக்கத்துக்கு விளக்கிய திட்டத்துக்கு எங்கள் ஊரில் பழைய சேலை என்று பெயர்.

முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

“அக்கா, பக்கத்து வூட்டு வள்ளிகிட்ட இன்னொரு தரம் போய்க் கேளுங்கக்கா. யாரும் இல்லன்னுதான் சொல்லுவா. நம்பிட்டுப் போயிடாதீங்க.”