ஷாகுல் அண்ணன் கேட்க வைத்த மன்னிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலுத்தோங் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ஷாகுல் அண்ணனின் மகள் அழைத்தாள். "அக்கா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கல. அஸருக்குப் பிறகு அடக்கம்." அழவில்லை. இன்னும் பலரை அழைக்க வேண்டியவளின் குரல் அது. கீரையை வாங்காமலே காருக்கு நடந்தேன்.

ஜார்ஜ் டவுனில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனவர்களுக்கு அவரைத் தெரியும். தேர்தல் வந்தால் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, எங்கள் கட்சியின் நடவடிக்கை அறையில் பொறுப்பாக உட்கார்ந்துவிடுவார். இந்த ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் வரும் அஞ்சலிகளில் எல்லாரும் அவரைச் சாந்தமானவர் என்று எழுதுகிறார்கள். அவருடன் வேலை பார்த்த எங்களுக்கு உண்மை தெரியும். நான் பார்த்தவர்களிலேயே அதிகம் கோபம் வரும் மனிதர் அவர்.

எங்கள் பதாகைகளை எதிரணியினர் கிழித்த அன்று, அவர் முகம் சிவந்து எழுந்த வேகத்தில் மேசையிலிருந்த தேநீர் கொட்டியது. எல்லாரும் ஒதுங்கி நின்றோம். அவர் நேராகப் பின்கட்டுக் குழாய்க்குப் போய், கோபம் தணிய ஒளு செய்து முகமும் கைகாலும் கழுவிவிட்டு வந்தார். சட்டைக் கையெல்லாம் ஈரம். "அண்ணே நனைஞ்சுட்டாரு, இனிமே பயமில்ல லா," என்றார் ஒரு தொண்டர். அண்ணனும் சிரித்துவிட்டார். "கோபமே வராதவனுக்கு அகிம்சை எதுக்கு? எனக்குத்தான் வேணும்" என்று அன்று சொன்னார்.

போன தேர்தலில் எங்கள் வேட்பாளர் ஒரு சீனப் பெண், பல் மருத்துவர். சிம்பாங் அம்பாட் பக்கம் தமிழ் வாக்காளர்களிடம் அவருக்காகப் பேசுவது என் வேலை. எதிரணியில் நின்றவர் குணாளன். அவருக்குப் பேச்சு திக்கும். ஒரு மாலைக் கூட்டத்தில், "இவர் ஓட்டுக் கேட்டு முடிப்பதற்குள் வாக்குச்சாவடியைப் பூட்டிவிடுவார்கள்" என்றேன். கூட்டம் கைதட்டிச் சிரித்தது; யாரோ எடுத்த வீடியோ அன்றிரவே வாட்ஸ்அப்பில் பரவியது. வாய் தவறி வந்த வாக்கியம் இல்லை. மூன்று நாளாகச் செதுக்கி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூடப் பழகிவிட்டு வந்திருந்தேன்.

ஷாகுல் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக் கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் நின்று கேட்பார். மறுநாள் மாலை அங்கே போய்விட்டு வந்தவர் யாரையும் பார்க்காமல் குழாய்க்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"கலா, குணாளன் மைக்கப் பிடிச்சான். பின்னாலேர்ந்து நாலு பேரு அவன மாதிரியே திக்கிக் காட்டுனானுங்க. ஒன் வீடியோவப் பாத்த பயலுங்க. மைக்க வச்சிட்டு எறங்கிட்டான். இனிமே அவனுக்குப் பதிலா வேற ஆள்தான் பேசுமாம்."

"அரசியல்ல இதெல்லாம் சகஜம் அண்ணே. அவங்க மட்டும் நம்ம டாக்டரப் பத்தி என்னவெல்லாம் சொன்னாங்க?"

"தாமான் வீடுங்களச் சுத்தி மழைத்தண்ணி நிக்கிறதக் கேளு. அவன் கட்சி பண்ண கோளாறக் கேளு. நல்லாக் கேளு. நாக்க ஏன் அடிக்கிற?"

"நான் யாரையும் அடிக்கல."

"வெள்ளிக்கிழமையானா மீன்கூடத் தொட மாட்ட. மனுஷன் நாக்கு மட்டும் சைவமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவரோடு பேசாமல் எழுந்து போய்விட்டேன். கல்லூரியில் அகிம்சையைப் பற்றிப் பாடம் எடுப்பவள் நான். சமணம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்காட்டுவேன். அதில் ஒன்றும் அன்று எனக்கு உதவவில்லை. கோபம் தணிந்தபின் மிச்சமிருந்தது ஒன்றுதான்: ஒரு மனிதர் பேசுவதையே நிறுத்திவிட்டார், அதற்குக் காரணம் நான்.

மேடையிலேயே மன்னிப்புக் கேட்கலாம் என்று அண்ணன் சொன்னபோது நடவடிக்கை அறையில் பாதிப்பேர் எதிர்த்தார்கள். மன்னிப்பு என்றால் தோற்றதாக அர்த்தம் என்றார்கள். மருத்துவர் மட்டும் மலாயில் மெதுவாகச் சொன்னார்: "என் கை பட்டு நோயாளிக்கு வலித்தால் முதலில் மன்னிப்பு, பிறகுதான் மிச்ச வைத்தியம்." ஷாகுல் அண்ணன் என்னிடம், "பேச வேண்டியது நீ. நான் பக்கத்துல நிப்பேன்" என்றார்.

நின்றார். அடுத்த கூட்டத்தில், நான் செய்தது தவறு என்று சொல்லி, குணாளனிடம் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் சிலர் 'ஊ' என்று கத்தினார்கள். ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதே மூச்சில் தாமானில் தேங்கும் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பிரச்சாரத்தின் கடைசி நாள் குணாளன் மறுபடியும் மைக்கைப் பிடித்தார் என்று அண்ணன் வந்து சொன்னார்: "முழுசாப் பேசினான். நீளமாப் பேசினான். கால் வலிச்சிருச்சு எனக்கு."

நாங்கள் தோற்றோம். பழி ஷாகுல் அண்ணன்மேல் விழுந்தது. நடவடிக்கை அறைப் பொறுப்பைப் பிடுங்கி, கூட்டங்களுக்கு நாற்காலி போடும் வேலையைக் கொடுத்தார்கள். "அரசியல்ல ஒரு நாற்காலிக்கு அடிச்சுக்கிறானுங்க. எனக்கு இருநூறு குடுத்திருக்காங்க பாத்தியா?" என்றார். குற்ற உணர்வு தாங்காமல் ஒருநாள் கேட்டேன், மன்னிப்பால்தான் தோற்றோமா என்று. "இருக்கலாம்" என்றார். மறுக்கவில்லை. "தோத்ததுக்கு எனக்கு வருத்தம் உண்டு. மன்னிப்புக்கு இல்ல. ரெண்டையும் சேத்துக் கொழப்பிக்காத. எல்லா மார்க்கமும் வருஷம் பூரா இரக்கத்தத்தான் சொல்லுது. நாமதான் தேர்தல் வந்தா அதுக்கு லீவு விட்டுர்றோம்."

அவர் இறந்த ஞாயிறு மாலை, ஆண்கள் அடக்கம் முடித்து ஆயர் ஈத்தாமில் உள்ள அண்ணன் வீட்டுக்குத் திரும்பியபோது அவர்களோடு குணாளனும் வந்தார். இப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர், மரியாதையாக எல்லாரும் 'ஒய்.பி.' என்று அழைக்கிறார்கள். அண்ணன் மகளிடம் துக்கம் விசாரித்தார். ஒரு சொல்லுக்கு நேரம் பிடித்தது. அறையில் யாரும் அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் திக்கியதை நான் எழுத்தில் காட்டப் போவதில்லை.

என்னிடம் வந்தபோது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: "ஒய்.பி., அடுத்த மாசம் எங்க கூட்டத்துல உங்கள எதிர்த்துப் பேசப் போறேன். மழை பேஞ்சா தாமான்ல இன்னும் தண்ணி நிக்குது."

"நிக்குது. பேசுங்க. ஆனா வடிகால் வேலை எடுத்த கான்ட்ராக்டர் பாதியில ஓடிட்டான், அதையும் சேத்துச் சொல்லணும்."

"ஓடுற கான்ட்ராக்டர வேலைக்குப் புடிச்சது யாருன்னும் கேப்பேன்."

அவர் சிரித்தார். அழுது வீங்கிய கண்களோடு அண்ணன் மகளும் சிரித்தாள்.

நான் சாந்தமானவளாக ஆகிவிடவில்லை. அடுத்த மாதத்துக்கான உரையை எழுதி முடித்துவிட்டேன், கடுமையான உரைதான். குணாளன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாலும் அதில் ஒரு வரியைக்கூட நான் விழுங்க வேண்டியிருக்காது. ஷாகுல் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.