கடைசி வரிசையில் நீண்ட கை

அரசியலமைப்பு நாளன்று எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் முகவுரையை மைக்கில் வாசித்தவன் நான். ஊழியர்கள் வரிசையாக நின்று, வலது கையை முன்னால் நீட்டி, திருப்பிச் சொன்னார்கள். கடைசி வரிசையில் சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயி ஒருவரும் கையை நீட்டி நின்றார். அந்தக் கையில் மனு இருந்தது.

திங்கள்தோறும் மனுநாளுக்கு வருகிறவர்தான். ஒடிசலான உடம்பு. அதிகாரி யாராவது கடந்துபோனால் மனுவைத் தொடையில் வைத்து நீவிக்கொள்வார். வீட்டுக்குப் போகும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். படுத்த படுக்கையான மனைவியை வரப்பு வழியே தோளில் தூக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்.

வாசித்து முடித்ததும் எல்லாக் கைகளும் இறங்கின. அவருடையது இறங்கவில்லை.

அருகே போய், "ஐயா, இது உறுதிமொழி. கைய எறக்குங்க" என்றேன்.

"எல்லாரும் நீட்டுனீக. மனு வாங்கப் போறாகன்னு நெனச்சேன்."

"இன்னைக்கு இல்லய்யா. திங்கக்கெழம வந்து குடுங்க."

கையை இறக்கி மனுவை மடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்கள்லாம் யாருக்கிட்ட நீட்டுனீக?"

அடுத்த திங்கள் அவர் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. இப்போதெல்லாம் உறுதிமொழிக்கு வரிசையில் நின்று கையை நீட்டும்போது எதிரே பார்க்கிறேன். கொடிக்கம்பம் மட்டும்தான் நிற்கிறது.