ஜீவராணியின் போட்டும் அதை இழுக்க வந்த வண்டியும்

காசல்ரி நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஆத்துமேட்டுத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஜீவராணி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பத்தொன்பது வயது. கல்யாணமான புதிதில் கொழுந்து எடுத்தாள். பிறகு குவைத்தில் ஒரு வீட்டில் ஏழு வருஷம் பிள்ளை பார்த்தாள். திரும்பி வந்தவள் வீடு கட்டுவாள், நகை வாங்குவாள் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அவள் நீர்கொழும்புக்குப் போய் பதினெட்டடி ஃபைபர் போட் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"இவளுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டவர்கள்தான் ஒரு மாதத்தில் அந்தப் போட்டில் ஏறி அக்கரைக்குப் போனார்கள். ரோட்டு வழியாகச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம்; தண்ணீர் வழியாகப் பத்தே நிமிஷம். பங்களாக்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களும் சவாரி கேட்டு வந்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றதே, அப்போதுதான் ஜீவராணி ஒரு லீட்டரின் அருமையைத் தெரிந்துகொண்டாள். இழுப்பு நோய் முற்றிப்போன பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. டேங்கில் அரை லீட்டர்கூட இல்லை. பாதித் தூரம் எஞ்சினில் போனாள். திரும்பி வருவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து, நடுத் தண்ணீரில் எஞ்சினை நிறுத்திவிட்டு மீதித் தூரம் துடுப்பு வலித்தாள். அம்மாக்கண்ணு பிழைத்தாள். ஜீவராணிக்குத் தோள்வலி போக ஒரு வாரம் ஆயிற்று.

வறட்சிக் காலத்தில் காசல்ரியில் தண்ணீர் வற்றிவிடும். அந்த மாதங்களில்தான் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் மஸ்கெலியாப் பக்கம் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதனால் போட்டை அங்கிருக்கும் மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு லொறி, தூக்கிவிட எட்டு ஆள். போன வருஷம் இறக்கும்போது ஒருவருக்குக் கை நழுவி, போட்டின் அடிப்பாகம் கீறிவிட்டது.

அன்றைக்கே முடிவு எடுத்தாள். "இனி இதை யாரும் தூக்க வேண்டாம். இழுத்துக்கிட்டுப் போறேன்."

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் சுமன் இரும்பை ஒட்டி ட்ரெய்லர் ஒன்றைச் செய்துகொடுத்தான். அதற்குத் தனி நம்பரும் எடுத்தாயிற்று. இழுக்க என்ன வண்டி வாங்குவது என்பதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

தம்பி லோஜனுக்கு ஜீப்தான் வேண்டும். ஹட்டன் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன் முதலாளி தம்முடைய பழைய பெட்ரோல் ஜீப்பைக் கொடுக்கத் தயாராக இருந்தார். "நாலு சக்கரமும் இழுக்கும்மா. எந்தச் சேத்துல விட்டாலும் ஏறி வந்துரும்" என்றார்.

"எவ்வளவு குடிக்கும், மொதலாளி?"

அவர் சிரித்தார். "அத மட்டும் கேக்காத."

ஜீவராணி அதைத்தான் கேட்க வந்திருந்தாள். ஜீப்போடு இன்னும் இரண்டு வண்டி பார்த்து வைத்திருந்தாள். நோர்வூட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய சின்ன டீசல் வேன் ஒன்று. கந்தப்பளையில் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிய, முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பழைய டீசல் டபுள் கெப் ஒன்று. மூன்றையும் போட்டைக் கட்டி ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

சுமன் ஒரு வழி சொன்னான். டேங்கைக் கழுத்து மட்டும் நிரப்ப வேண்டும். நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா போய்த் திரும்ப வேண்டும். போக வர இருபது கிலோமீட்டர். பிறகு அளவுக் கேனால் மறுபடி கழுத்து மட்டும் ஊற்றினால், எவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவுதான் வண்டி குடித்தது.

ஜீப் மேட்டில் சிங்கம்போல் ஏறியது. திரும்பி வந்து ஊற்றியபோது நாலு லீட்டர் போயிருந்தது.

மஸ்கெலியாவில் ஊற்றிப் பார்த்த கணக்குப்படி வேன் இரண்டே லீட்டரில் போய் வந்திருக்கும். ஆனால் வந்து சேரவில்லை. ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறினாலும் ஏறிவிட்டது. இறக்கத்தில் தூறல் பிடித்திருந்தது. ஒரு வளைவில் ஜீவராணி பிரேக்கை மிதிக்க, பின்னால் இருந்த போட்டின் பாரம் வேனை முன்னால் தள்ளியது. பின்சக்கரங்கள் வழுக்கின. அவள் ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்தாள். வேன் ரோட்டோர வடிகானில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. மறுபக்கம் பள்ளம்.

பக்கத்தில் இருந்த சுமன் இறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். "எஞ்சின் இழுக்குது தங்கச்சி. ஆனா வண்டி லேசு. போட்டு இதைக் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

ஜீவராணி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டாள். "சரி, இது வேணாம்" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு மனசே இல்லை. இரண்டு லீட்டர் கணக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

டபுள் கெப் மூன்று லீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடித்தது. இறக்கத்திலும் அடங்கி வந்தது. ஆனால் பின்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். கரைச் சேற்றில் ட்ரெய்லரை இறக்கி மேலே இழுத்தபோது, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி லோஜன் சட்டையில் அடித்தது.

"பாத்தியா? ஜீப்தான் சரின்னு சொன்னேன்ல!" என்று அவன் குதித்தான்.

"இருடா. வருஷத்துல போட்டை இழுக்கப்போறது பத்து நாளு. மிச்ச நாளெல்லாம் சும்மாதானே ஓடப்போகுது? அந்தப் பத்து நாளுக்காக வருஷம் பூரா ஜீப்புக்கு ஊத்தணுமா?"

"அந்தப் பத்து நாளும் சேத்துல நிக்கணுமே, அக்கா."

அது நியாயமான பேச்சுதான். ஜீவராணி கரையில் உட்கார்ந்து யோசித்தாள். சேறு இருபதடிதான். அதற்கு மேலே கல்லுத் தரை. வண்டி எதற்குச் சேற்றுக்குள் இறங்க வேண்டும்? எழுந்து போய் போட்டில் கிடந்த நைலோன் கயிற்றை எடுத்து வந்தாள். ட்ரெய்லரின் மூக்கில் ஒரு முனை, கல்லுத் தரையில் நின்ற டபுள் கெப்பில் மறுமுனை. மெதுவாக எடுத்தாள். ட்ரெய்லர் சேற்றைக் கிழித்துக்கொண்டு பிள்ளைபோலப் பின்னால் வந்தது.

சுமன் கைதட்டினான். "மூக்குக்கு ஒரு சின்னச் சக்கரம் வச்சுத் தர்றேன். இன்னும் லேசா வரும்."

டபுள் கெப்பை வாங்கினாள். போட்டைக் கட்டும்போதெல்லாம் போட்டின் எஞ்சினைக் கழற்றி, வண்டியின் பின்பெட்டியில் வைத்துக்கொள்வாள். ட்ரெய்லர் பாரம் குறையும். பெண்பிள்ளை போட் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க நோர்வூட்டில் கடைக்காரர்கள் வெளியே வருவார்கள். கொழும்பில் வேலை செய்யும் புருஷன் நிரஞ்சன் மாதம் ஒருமுறை வரும்போது, சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அடுத்த மழைக் காலத்தில் மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் அக்கரை ரோட்டில் மண் சரிந்தது. மூன்று தோட்டப் பிரிவுகளின் ஆட்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அங்கே போட் எதுவும் இல்லை என்று கேள்விப்பட்டதும் ஜீவராணி யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை. மழையிலேயே ட்ரெய்லரைக் கட்டி, லோஜனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

பதினொரு நாள். அரிசி, மாவு, மருந்து, பால்மா எல்லாவற்றையும் ஹட்டனிலிருந்து டபுள் கெப்பில் கொண்டுவந்து, கரையில் போட்டுக்கு மாற்றி, அக்கரையில் இறக்கினார்கள். திரும்பும்போது நோயாளிகள். பெட்ரோல் செட்டில் அந்த நாட்களில் எண்ணெயை அளவோடுதான் கொடுத்தார்கள்; கிடைத்ததில் பதினொரு நாளும் ஓடியது. சிதம்பரநாதன் முதலாளி கடையிலிருந்து பத்து மூட்டை அரிசி அனுப்பினார். கூடவே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் ஜீப்புக்கு ஊத்தியிருந்தா எட்டாம் நாளே நின்னிருக்கும்மா" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மண்ணை வழித்து ரோட்டைத் திறந்தார்கள். ஜீவராணி போட்டைக் கயிற்றால் கரையேற்றி, பின்னால் கட்டினாள். லோஜன் சாவிக்குக் கை நீட்டினான்.

"நீ தூங்கு, அக்கா. நான் ஓட்டுறேன்."

கொடுத்தாள். மஸ்கெலியா டவுனைத் தாண்டும் முன்பே, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.