மடவளை வளைவில் குடைக் கூட்டம்

உம்மு குல்சும் மடவளையில் ஒரு மிளகு வியாபாரியின் விதவை. வாய்க்கு இன்னும் வயதாகவில்லை. முழங்கால்களுக்கு எப்போதோ ஆகிவிட்டது. கண்டியில் இருக்கும் தங்கை றம்லத்தோடு நேரில் சண்டை பிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது. மாட்டு வண்டியில் போனாலோ குலுக்கலில் எலும்பு கழன்றுவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கண்டி ரோட்டில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடத் தொடங்கின. உம்மு குல்சுமுக்குச் சந்தோஷம். ஆனால் அவள் படியில் கால் தூக்கி வைப்பதற்குள் பின்னால் வரும் பஸ் முந்திப்போய், அடுத்த சந்தியில் நிற்கும் ஆட்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும். அதனால் தனியாகக் கை காட்டும் வயசாளிகளைக் கண்டால் முன்னால் வரும் பஸ்ஸின் டிரைவர் மஹ்ரூப் வானத்தைப் பார்த்தபடி போய்விடுவான்.

மூன்று தடவை புழுதி தின்றவள், நாலாம் தடவை அக்கம்பக்கத்துக் கிழடுகளின் குடைகளையெல்லாம் இரவல் வாங்கி, வளைவோரத்து வேலியில் விரித்துச் செருகினாள். தூரத்திலிருந்து பார்த்தால் வேலிக்குப் பின்னே ஒரு கூட்டமே நின்றது. மஹ்ரூப் பிரேக்கை மிதித்தான்.

"ஆக்களெல்லாம் எங்க உம்மா?"

"நான் இங்க ஈக்கிறேனே." அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

மற்ற பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது.

"இறங்குங்க உம்மா."

"ஏறுறதே இவ்வளவு நேரம் மகன். இறங்கச் சொன்னா அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிடுவாங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மஹ்ரூப் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைக் கண்டியில் சேர்த்தான்.

அடுத்த வாரம் தூறலில் அதே வளைவில் மறுபடியும் குடைகள். "உம்மாட வேலை இனி என்னிட்ட நடக்காது" என்று மஹ்ரூப் வேகத்தைக் கூட்டினான். அன்று நின்றது உண்மையான கல்யாணக் கூட்டம். முழுக் கூட்டத்தையும் பின்னால் வந்த பஸ் ஏற்றிக்கொண்டது. பஸ் முதலாளி சாஹுல் ஹமீது மஹ்ரூபைக் கூப்பிட்டுக் காது புளிக்கப் பேசினார்: "இனி ரோட்டுல ஒத்தைக் கிழவி நிண்டாலும் நிப்பாட்டணும். விளங்கினதா?"

விளங்கியது. கால் வைத்து ஏற ஒரு பலகைப் பெட்டியும் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது. வளைவில் வயசாளிகள் கூடத் தொடங்கினார்கள். உம்மு குல்சும் மட்டும் எப்போதும் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவாள். கண்டி போய்ச் சேரும்வரை அவன் தோளைத் தட்டித் தட்டிச் சொல்லுவாள்: "கொஞ்சம் விரசாப் போ மகன். இந்த ஓட்டத்துக்கு மாட்டு வண்டியே போதும்."